கைக்கேற்ற மட்டை

(மேசைப் பந்தாட்டக் கருவிகளைத் தேர்ந்தெடுப்பது பற்றிய சில குறிப்புகள்)

மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவன்

முன்னுரை

பெரியகுளத்தை அடுத்துள்ள எங்கள் வடுகபட்டியின் பெயரைச் சொன்னதும் பலருக்கு வெள்ளைப்பூண்டுதான் நினைவுக்கு வரும். கொடைக்கானல் மலையிலுள்ள பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி முதலிய ஊர்களில் விளையும் பூண்டு மூட்டை மூட்டையாக எங்கள் ஊர்ச் சந்தைக்கு வந்து இறங்குகிறது. அம்மலைப் பூண்டுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. பூண்டு ஊரிலிருந்து வருபவனுக்கும் மேசைப் பந்தாட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று நண்பர்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. நான் இந்த ஆட்டத்தைக் கற்றதே ஒரு பூண்டுக் கமிஷன் மண்டியில்தான்.

சந்தை இல்லாத நாட்களில் அந்த மண்டியின் முன்கூடம் காலியாக இருக்கும். இரண்டு பிளைவுட் பலகைகளை மரக்கால்களின்மேல் போட்டு, நடுவில் சாக்குத் தைக்கும் சணல் கயிற்றைக் கட்டி, அதில் ஒரு பழைய வேட்டித் துணியைத் தொங்கவிட்டால் அதுதான் எங்கள் மேசை. அதுதான் எங்கள் வலை. சுமை தூக்கும் அண்ணன்மார், பள்ளிப் பிள்ளைகள், ஓய்வு பெற்ற பெரியவர்கள் என்று அனைவரும் அங்கே ஆடுவோம். மட்டைகள் மொத்தம் மூன்று. எது கையில் கிடைத்ததோ அதுவே நமக்குரிய மட்டை.

ஆடுபவர்கள் வேறுவேறாக இருக்கும்போது மட்டை மட்டும் ஒன்றாக இருக்கலாமா என்ற கேள்வி அந்நாளில் எனக்குத் தோன்றவில்லை. ஒரு பெரும் பிழையைச் செய்த பிறகே தோன்றியது. அப்பிழையையும், அதிலிருந்து கற்றதையும் சக மாணவர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் செய்த பிழை

சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில் இரண்டு மாதம் மண்டியில் பூண்டு தரம் பிரிக்கும் வேலைக்குப் போனேன். என் தந்தை பல ஆண்டுகளாகச் செய்துவரும் வேலை அது. கிடைத்த கூலியில் வீட்டுக்குக் கொடுத்ததுபோக மீதியைச் சேர்த்து, மதுரையில் ஒரு விளையாட்டுப் பொருள் கடைக்குச் சென்றேன். கடைக்காரர் கார்பன் இழை வைத்த ஒரு மட்டையைக் காட்டினார். உலக வீரர்கள் ஆடும் ரகம் என்றார். இருபுறமும் மிகக் கனமான ஸ்பாஞ்ச் வைத்த ரப்பர். விலை ஒன்பதாயிரம் ரூபாய். என்னிடம் இருந்ததும் ஏறத்தாழ அவ்வளவுதான். நான் எத்தனை நாளாக ஆடுகிறேன், எப்படி ஆடுகிறேன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அதைத் தந்தையிடம் காட்டினேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "விதைக்கு வாங்குறவன் வேற பூண்டு எடுப்பான், ஊறுகாய்க்கு வாங்குறவன் வேற எடுப்பான். நீ எதுக்குடா இத எடுத்த?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. "நல்ல மட்டைப்பா" என்று மட்டும் சொன்னேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் சொல்லாமல் மட்டையை உறையில் போட்டுக் கொடுத்தார். ஒன்பதாயிரம் ரூபாய் எத்தனை மூட்டைப் பூண்டைத் தரம் பிரித்தால் வரும் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

அவ்வாண்டு கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றேன். 11-4, 11-6, 11-5. என்னை வென்ற மாணவர் பெரிய ஆட்டக்காரர் அல்லர். தேய்ந்துபோன ஒரு சாதாரண மட்டையால் பந்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கொண்டிருந்தார். நான் அடித்த பந்துகள்தாம் ஒன்றன்பின் ஒன்றாக மேசையைத் தாண்டிப் பறந்தன. பேருந்தில் திரும்பும்போது மணிக்கட்டும் வலித்தது. அதைவிட, தந்தையின் கேள்வி உறுத்தியது.

மட்டையின் அமைப்பு

மட்டையைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் முதலில் அதன் உறுப்புகளை அறிந்துகொள்ள வேண்டும். மட்டை என்பது ஒரே பொருள் அன்று; மரம், ஸ்பாஞ்ச், ரப்பர் ஆகிய மூன்றின் கூட்டு ஆகும்.

முதலாவது, பிளேடு எனப்படும் மரப்பலகை. மெல்லிய மரத்தகடுகளை அடுக்கி ஒட்டி இதனைச் செய்கிறார்கள். ஐந்து அடுக்குப் பலகை பொதுவாக வளைந்து கொடுக்கும். பந்து சற்றே தங்கிச் செல்வது கைக்குத் தெரியும். ஏழு அடுக்குப் பலகை விறைப்பானது, வேகம் கூடுதல். இடையில் கார்பன் இழை சேர்த்த பலகை மேலும் விறைப்பானது. எத்தனை இழை சேர்த்தாலும் பலகையின் கனத்தில் 85 விழுக்காடேனும் இயற்கை மரமாக இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி.

இரண்டாவது, ஸ்பாஞ்ச். இதன் கனம் 1.5 மில்லிமீட்டர், 1.8, 2.0 என்று பலவாறாக வரும். கனம் கூடக்கூட வேகமும் சுழற்சியும் கூடும், கட்டுப்பாடு குறையும். ஸ்பாஞ்சும் ரப்பரும் பசையும் சேர்ந்து 4 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது.

மூன்றாவது, ரப்பர். ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் சிறுசிறு முளைகளுடனும் இருக்கும் விரிப்பு இது. வழவழப்பான பக்கம் வெளியே தெரிய ஒட்டினால் பந்தைப் பிடித்துச் சுழற்றும். முளைகள் வெளியே தெரிய ஒட்டினால் சுழற்சி குறையும். முளைகள் குட்டையாக இருந்தால் பந்து விரைந்து தட்டையாகச் செல்லும். நீளமாக இருந்தால் (ஆடுவோர் இதனை லாங் பிம்பிள் என்பர்) முளைகள் வளைந்து, எதிராளி அனுப்பிய சுழற்சி பெரும்பாலும் அவருக்கே திரும்பிப் போகும்.

மட்டையின் ஒரு பக்கம் கறுப்பாகவும், மறுபக்கம் வேறொரு பளிச்சென்ற நிறமாகவும் இருக்க வேண்டும். இரு பக்கமும் ஒரே நிறத்தில் வெவ்வேறு ரப்பர்களை ஒட்டி, மட்டையைப் புரட்டிப் புரட்டி எதிராளியை ஏமாற்றும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. அதைத் தடுக்கவே 1980-களின் நடுவில் கறுப்பு-சிவப்பு விதி வந்தது. 2021 முதல் சிவப்புக்குப் பதிலாகப் பச்சை, நீலம், ஊதா, இளஞ்சிவப்பு ஆகிய நிறங்களும் அனுமதிக்கப்பட்டுள்ளன.

பம்பாய் தந்த பாடம்

கருவி ஓர் ஆட்டத்தை எவ்வளவு மாற்றும் என்பதற்கு நம் நாட்டிலேயே நடந்த ஒரு நிகழ்ச்சி சான்று. 1952-ஆம் ஆண்டு பிப்ரவரியில் உலக மேசைப் பந்தாட்டப் போட்டி பம்பாயில் நடைபெற்றது. ஆசியாவில் நடந்த முதல் உலகப் போட்டி அதுவே. ஜப்பான் கலந்துகொண்ட முதல் உலகப் போட்டியும் அதுவே.

அந்நாளில் பெரும்பாலோரும் ஸ்பாஞ்ச் இல்லாத, முளை ரப்பர் ஒட்டிய மட்டையால் ஆடினர். பந்து படும்போது 'டக், டக்' என்று ஓசை எழும். அந்த ஓசையைக் கொண்டே எதிராளி எவ்வளவு பலமாக அடித்தார் என்பதை ஓரளவு கணித்துவிடுவார்கள். ஜப்பானைச் சேர்ந்த ஹிரோஜி சாட்டோ கனத்த ஸ்பாஞ்ச் ஒட்டிய மட்டையுடன் வந்தார். அவர் அடித்தால் ஓசையே எழவில்லை; பந்து மட்டும் எதிர்பாராத வேகத்தில் வந்தது. பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் திகைத்துப் போயினர். இறுதி ஆட்டத்தில் ஹங்கேரியின் யோசெஃப் கோட்சியானை வென்று சாட்டோ ஒற்றையர் பட்டத்தைப் பெற்றார்.

ஆனால் அதற்குப்பின் அவர் உலகப் பட்டம் எதுவும் பெறவில்லை. ஸ்பாஞ்சை மற்றவர்களும் கற்றுக்கொண்டார்கள். 1959-இல் சர்வதேசச் சம்மேளனம் ரப்பரின் கனத்துக்கு வரம்பு விதித்தது. பம்பாய் நமக்குத் தரும் பாடம் இரண்டு. கருவி வெற்றியைத் தரக்கூடும் என்பது ஒன்று. அக்கருவி எல்லோருக்கும் கிடைத்துவிட்ட பிறகு மிஞ்சுவது கைத்திறனே என்பது மற்றொன்று. நம் காலத்தில் எல்லா வகை மட்டையும் கடையில் கிடைக்கிறது. ஆகவே 'எது சிறந்த மட்டை?' என்ற கேள்விக்குப் பொருளில்லை. 'எது என் கைக்கு ஏற்றது?' என்பதே கேட்கத்தக்க கேள்வி.

வேகத்தின் கணக்கு

நான் அடித்த பந்துகள் ஏன் வெளியே போயின? இயற்பியல் மாணவன் என்ற முறையில் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்தேன்.

மேசையின் நீளம் 2.74 மீட்டர். வலையின் உயரம் 15.25 சென்டிமீட்டர். மேசையின் விளிம்புக்கு நேர்மேலே 30 சென்டிமீட்டர் உயரத்தில், சமமட்டமாக ஒரு பந்தை அடிக்கிறோம் என்று கொள்வோம். காற்றின் தடையையும் சுழற்சியையும் இப்போதைக்கு ஒதுக்கிவிடுவோம்.

வேகம் நொடிக்கு 10 மீட்டர் என்றால் பந்து மறுமுனையை அடைய 0.27 நொடி ஆகும். அதற்குள் புவியீர்ப்பு அதனை ஏறத்தாழ 37 சென்டிமீட்டர் கீழே இழுக்க வேண்டும். பந்து இருந்ததோ 30 சென்டிமீட்டர் உயரத்தில். ஆகவே அது வலையைத் தாண்டி, மறுமுனைக்கு முன்பே மேசையில் விழுந்துவிடும். நல்ல அடி.

அதே அடியை நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் அடித்தால் மறுமுனையை அடைய 0.18 நொடிதான். அதற்குள் பந்து 16 சென்டிமீட்டர் மட்டுமே இறங்கும். மறுமுனையில் அது மேசைக்கு 14 சென்டிமீட்டர் மேலே பறந்துகொண்டிருக்கும். புள்ளி எதிராளிக்கு!

வேகம் கூடினால் புவியீர்ப்பின் உதவி குறைகிறது என்பதே இதன் பொருள். அப்படியானால் வேகமாக அடிப்பவர்களின் பந்து எப்படி மேசையில் விழுகிறது? அவர்கள் பந்தை முன்னோக்கிச் சுழலவிடுகிறார்கள். டாப்ஸ்பின் எனப்படும் அச்சுழற்சி, காற்றின் துணையால் பந்தைக் கீழ்நோக்கி வளைக்கிறது. அந்தச் சுழற்சியைக் கொடுக்கும் பயிற்சி என் கைக்கு இல்லை. மட்டையோ வேகத்தை மட்டும் வாரி வழங்கியது. மேலும், வேகமாகப் போகும் பந்து வேகமாகவே திரும்பியும் வரும். எதிராளிக்குக் குறைந்த நேரம் எனக்கும் குறைந்தது. என் கால்கள் அதற்குத் தயாராக இல்லை.

மட்டை கைக்குத் துணையாக இருக்க வேண்டும். கையில் எது மிகுதியோ அதை மட்டையிலும் தேடக்கூடாது. கையில் எது குறைவோ அதை மட்டை ஓரளவு ஈடுசெய்யலாம். இந்த நோக்கில் எங்கள் மண்டியிலும் நம் கல்லூரியிலும் ஆடுவோரைக் கவனிக்கத் தொடங்கினேன்.

ஆட்டக்காரரும் கருவியும்

புதிதாகத் தொடங்குபவர்: முதலாமாண்டு மாணவர் பலர் இந்த வகையினர். இவர்களுக்கு ஐந்து அடுக்கு மரப்பலகையும், இருபுறமும் வழவழப்பான ரப்பரும், 1.5 முதல் 1.8 மில்லிமீட்டர் வரையுள்ள ஸ்பாஞ்சும் போதும். கடையில் 'ஆல்ரவுண்ட்' என்று கேட்டால் தருவார்கள். ஒட்டித் தயாராக விற்கும் மட்டையே வாங்கலாம். சில நூறு ரூபாயில் தொடங்கி ஆயிரத்துச் சொச்சம் வரை நல்லவை கிடைக்கின்றன. ஆனால் பொம்மைக் கடையில் விற்கும், ரப்பர் பெயருக்கு ஒட்டிய மட்டையை வாங்க வேண்டாம். அது பந்தைப் பிடிக்காது. பிடிக்காத மட்டையில் கற்பவர் பந்தைத் தட்டக் கற்பாரே தவிர, உராய்ந்து சுழற்றக் கற்கமாட்டார். மிக வேகமான மட்டையைப் போலவே மிக மட்டமான மட்டையும் கையைக் கெடுக்கும்.

வலிய கை உடையவர்: எங்கள் மண்டியில் மூட்டை தூக்கும் அண்ணன் ஒருவர் உண்டு. அவர் அடித்தால் பந்து சுவரில் மோதித் திரும்பும். வலிமையானவருக்கு வேகமான மட்டை என்றுதான் நாம் நினைப்போம். உண்மை நேர்மாறானது. வேகத்தை அவர் கையே தருகிறது. மட்டை அடங்கியிருக்க வேண்டும். மென்மையான ஐந்து அடுக்குப் பலகையும் மெல்லிய ஸ்பாஞ்சும் கொடுத்தபின் அவர் அடித்த பந்துகள் மேசைக்குள் விழத் தொடங்கின. பிடி அவர் கைக்கு மெலிதாக இருந்தது. அதன்மேல் பருத்தி நாடா சுற்றினோம். வியர்வை வழுக்குவதும் நின்றது.

மேசையை ஒட்டி நின்று தடுப்பவர்: ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஐயா ஒருவர் மாலைதோறும் வருவார். முழங்கால் வலி, ஓடமாட்டார். மேசையை ஒட்டி நின்று, குட்டையாகக் கையை நீட்டிப் பந்தைத் திருப்புவார். இவரைப் போன்றவர் மட்டையை வீசுவதில்லை. ஆகையால் முன்கைப் பக்கம் சற்று உயிர்ப்பான ரப்பர் இருப்பது நல்லது. புறங்கைப் பக்கம் நீளமுளை ரப்பர் ஒட்டினால் எதிராளியின் சர்வீஸ் சுழற்சியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. மட்டை எடை குறைந்ததாக இருக்க வேண்டும். நீளமுளை ரப்பர் முதியோருக்கு மட்டும் உரியது என்று எண்ணிவிடக் கூடாது. 2018 காமன்வெல்த் விளையாட்டில் ஒற்றையர் தங்கம் வென்ற மணிகா பத்ரா புறங்கைப் பக்கம் அதைக் கொண்டுதான் ஆடினார். ஆனால் அந்த ரப்பர் தானாகச் சுழற்சியை உண்டாக்காது. சுழற்சியற்ற பந்து வந்தால் பதிலுக்கு எதுவும் செய்வது கடினம். ஆகவே தொடங்குபவர் அதை எடுக்கக்கூடாது.

பின்வாங்கி வெட்டுபவர்: நம் வேதியியல் துறைப் பேராசிரியர் ஒருவர் இந்த வகை. மேசையிலிருந்து பல அடி பின்னே போய், பந்தை மேலிருந்து கீழாக வெட்டி, கீழ்ச்சுழற்சியோடு மிதக்கவிடுவார். பார்க்க அழகான ஆட்டம். இதற்குச் சற்றே அகன்ற, வேகம் குறைந்த பலகை தேவை. முன்கைப் பக்கம் பிடிப்புள்ள வழவழப்பான ரப்பர். புறங்கைப் பக்கம் மெல்லிய ஸ்பாஞ்ச் வைத்த நீளமுளை ரப்பர். இவர்கள் மட்டை வாங்குமுன் அறையை அளந்து பார்க்க வேண்டும். மேசைக்குப் பின்னால் மூன்று, நான்கு மீட்டர் இடமில்லாத அறையில் அந்த மட்டையால் பயனில்லை. எங்கள் மண்டியில் பேராசிரியர் ஒருநாள் ஆடியபோது இரண்டு அடி பின்வாங்கியதும் பூண்டு மூட்டையில் முதுகு தட்டி நின்றார்!

சுழற்றித் தாக்குபவர்: நம் கல்லூரி அணித்தலைவரின் ஆட்டம் இது. நாள்தோறும் பயிற்சி உண்டு. கால்கள் விரைந்து நகரும். இவருக்கு விறைப்பு சற்றுக் கூடுதலான பலகையும், 2.0 மில்லிமீட்டர் அளவுள்ள ஸ்பாஞ்சும் பொருந்தும். இவர்கள் மரத்துக்குக் கொடுக்கும் பணத்தைச் சற்றுக் குறைத்து, ரப்பரை அடிக்கடி மாற்ற அதைச் சேமிக்க வேண்டும். நல்ல பலகை பல ஆண்டு உழைக்கும். ரப்பரின் பிடிப்போ நாள்தோறும் ஆடினால் சில மாதங்களில் குறைந்துவிடும். கார்பன் மட்டை இவ்வகையினருள்ளும் பல ஆண்டு முறையாகப் பயின்றவர்களுக்கே உரியது.

சிறுவர்கள்: என் தங்கைக்குப் பத்து வயது. பெரியவர்களின் மட்டை பொதுவாக 160 முதல் 190 கிராம் வரை இருக்கும். அதைச் சிறுவர்கள் மணிக்கட்டால் தூக்க முடியாமல் முழங்கையால் தூக்குவார்கள். அந்தப் பழக்கம் பிறகு மாறாது. எனவே எடை குறைந்த பலகையும் மெல்லிய பிடியும் தேட வேண்டும். ஆள்காட்டி விரல் படும் இடத்தில் மர விளிம்பு கூர்மையாக இருந்தால் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து மழுக்கிவிடலாம்.

பேனா பிடிப்பதுபோல் மட்டையைப் பிடிப்பவர்கள் சிலர் உண்டு. இவர்களுக்கென்று குட்டையான பிடி வைத்த பலகை தனியே கிடைக்கிறது. மற்றவர்கள் அடியில் அகன்ற பிடியா, நேரான பிடியா என்பதைக் கையில் பிடித்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். இதைக் கட்டுரையில் படித்துத் தெரிந்துகொள்ள இயலாது.

பந்தும் மேசையும்

இப்போதுள்ள பந்து பிளாஸ்டிக்கால் ஆனது, விட்டம் 40 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், எடை 2.7 கிராம். சிட்னி ஒலிம்பிக் நடந்த 2000-ஆம் ஆண்டு வரை பந்தின் விட்டம் 38 மில்லிமீட்டர்தான். 2014 வரை அது எளிதில் தீப்பற்றக்கூடிய செல்லுலாய்டால் ஆனது. மூன்று நட்சத்திரப் பந்து போட்டிக்கு. பயிற்சிக்கு ஒரு நட்சத்திரம் போதும். பந்து உருண்டையாக உள்ளதா என்று அறிய மேசைமேல் பம்பரம்போல் சுழற்றிப் பாருங்கள். தள்ளாடினால் அது நல்ல பந்து அன்று.

மேசை நல்லதா என்று பார்க்க ஓர் அடிக்கோல் போதும். 30 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விடப்பட்ட பந்து ஏறத்தாழ 23 சென்டிமீட்டர் எழும்ப வேண்டும் என்பது விதி. மேசையின் எல்லா இடத்திலும் இது ஒன்றுபோல் இருக்க வேண்டும். எங்கள் மண்டிப் பலகையில் சோதித்தபோது நடுவில் பதினைந்தும், மரக்காலின் மேலே இருபதுமாக எழும்பியது. அப்படிப்பட்ட மேசையில் பழகியவனுக்குப் போட்டி மேசையில் பந்து எகிறுவது புதுமையாக இருக்கும். வேகமான மட்டை அந்தச் சங்கடத்தைப் பெருக்கும். என் தோல்விக்கு இதுவும் ஒரு காரணம்.

பராமரிப்பு

எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் பேணாவிட்டால் பயனில்லை. பூண்டுத் தோலின் தூசி ரப்பரில் படிந்தால் ஒரே மாலையில் பிடிப்பு போய்விடும். இங்கே பூண்டுத் தூசி என்றால் மற்ற ஊர்களில் சுண்ணக்கட்டித் தூசி. ஆடி முடித்ததும் சிறிது நீர் நனைத்த துணியால் துடைத்து, உலரவிட்டு, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டி உறையில் வைக்க வேண்டும். தகரக் கூரையின் கீழும், வெயிலில் நிற்கும் வண்டியின் பெட்டியிலும் மட்டையை வைத்தால் ரப்பர் காய்ந்து வெடிக்கும்; மரமும் வளையும். நம் பக்கத்துக் கோடை வெயிலுக்கு இது முக்கியம்.

ரப்பர் கழன்றால் சைக்கிள் டியூபுக்கு ஒட்டும் பசையை எடுத்து ஒட்டுபவர்கள் இன்றும் உண்டு. 1970-களில் ஐரோப்பிய ஆட்டக்காரர்கள் இவ்வாறு ஒட்டியபோது பந்தின் வேகம் கூடுவதைக் கண்டனர். பிறகு அது உலகெங்கும் பரவியது. அதன் ஆவி உடலுக்குத் தீங்கு என்பதால் 2008-இல் அத்தகைய பசைகள் தடைசெய்யப்பட்டன. இப்போது நீர் கலந்த பசையே உண்டு. இருபுறமும் மெல்லப் பூசி, நன்கு உலர்ந்தபின் ரப்பரை வைத்து, ஒரு கண்ணாடிப் புட்டியை மேலே உருட்டினால் காற்றுக்குமிழ் இன்றி ஒட்டிக்கொள்ளும்.

நம் கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள்

நம் உடற்கல்வித் துறையில் ஒரு மேசைதான் உள்ளது. ஆட விரும்பும் மாணவரும் மாணவியரும் பலர். புதிய மட்டைகள் வாங்கும் பேச்சு எழும்போதெல்லாம் 'அணிக்கு இரண்டு உயர்ந்த ரகம்' என்றே நாம் கேட்கிறோம். நானும் அப்படிக் கேட்டவன்தான். உயர்ந்த ரக மட்டை இரண்டு பூட்டிய அலமாரியில் இருப்பதைவிட, அதே பணத்தில் ஆல்ரவுண்ட் மட்டைகள் ஐந்தாறு வெளியே இருப்பது நன்று. அவற்றுள் இரண்டு எடை குறைந்தவையாகவும், இரண்டு தடித்த பிடி உள்ளவையாகவும் இருக்கட்டும். நீளமுளை ரப்பர் ஒட்டிய மட்டை ஒன்றும் கட்டாயம் வேண்டும். ஆடுவதற்காக அன்று, அதனை எதிர்த்து ஆடிப் பழகுவதற்காக. போட்டிக்குப் போன இடத்தில் அதை முதன்முதலாகச் சந்திக்கும் மாணவர் பந்து ஏன் வலையில் விழுகிறது என்று புரியாமலே தோற்றுத் திரும்புகிறார்.

முடிவுரை

என் கார்பன் மட்டை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சிறு வயது முதல் முறையாகப் பயிற்சி பெற்ற ஒருவர் பெரியகுளத்தில் வங்கிப் பணிக்கு வந்திருந்தார். அவர் அதை வாங்கி நான்கு பந்து அடித்ததும், அது எவ்வளவு நல்ல மட்டை என்று எனக்கு முதல் முறையாகத் தெரிந்தது. பாதி விலைக்கு அவரிடம் கொடுத்துவிட்டேன். அந்தப் பணத்தில் எனக்கொரு ஆல்ரவுண்ட் மட்டையும், தங்கைக்கு ஒரு சிறு மட்டையும் வாங்கி, மீதியைத் தந்தையிடம் கொடுத்தேன். இவ்வாண்டுப் போட்டியில் இரண்டு சுற்று வென்று மூன்றாம் சுற்றில் தோற்றேன். இம்முறை என்னை என் மட்டை தோற்கடிக்கவில்லை. என்னைவிட நன்றாக ஆடியவர் தோற்கடித்தார். அதில் வருத்தம் இல்லை.

நம் தமிழகத்தைச் சேர்ந்த சரத் கமல் 2006-இல் மெல்பர்ன் காமன்வெல்த் விளையாட்டில் ஒற்றையர் தங்கம் வென்றார். பதினாறு ஆண்டு கழித்து, 2022-இல் பர்மிங்ஹாமிலும் வென்றார். அப்போது அவருக்கு வயது நாற்பது. இடையில் பசை மாறியது, பந்து மாறியது. அவர் கையும் அதற்கேற்ப மாறிக்கொண்டே வந்தது. அத்தகைய கைக்கு உரிய கருவியை நாம் முதல் நாளே வாங்கிவிட்டால் கை வந்துவிடாது.

ஆகவே, நண்பர்களே, கடைக்குப் போகுமுன் ஐந்து கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நான் வாரத்தில் எத்தனை நாள் ஆடுகிறேன்? மேசையை ஒட்டி நிற்கிறேனா, பின்வாங்குகிறேனா? என் பந்துகள் பெரும்பாலும் வலையில் விழுகின்றனவா, வெளியே போகின்றனவா? ஆடும் அறையில் இடம் எவ்வளவு? ஆறு மாதத்துக்குப் பின் ரப்பர் மாற்றப் பணம் இருக்குமா? இவற்றுக்கு விடை கிடைத்துவிட்டால் மட்டை தானே கைக்கு வந்து சேரும்.

புதிய மட்டையைத் தந்தையிடம் காட்டியபோது அவர் அதே கேள்வியைத்தான் கேட்டார். "இன்னும் அடிக்கப் பழகிக்கிட்டுதாம்ப்பா இருக்கேன். பழகுறதுக்கு எடுத்தேன்" என்றேன். அவர் மட்டையை வாங்கி, பூண்டை எடைபார்ப்பது போல உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, "சரி" என்று சொல்லித் தங்கையின் கையில் கொடுத்தார்.